கல்லாப்பெட்டி அருகே ஒரு பழைய ஸ்மார்ட்போன்: கோளாறுகளும் தீர்வுகளும்



நம் கடையில் உள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கிறோம். தட்டில் தூசி படிந்தால் துடைக்கிறோம். ஐந்து கிராம் கூடக்குறையக் காட்டினாலும் உடனே கவனிக்கிறோம். தராசு தவறினால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும் என்பது நமக்குத் தெரியும்.

அதே மேசையில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்மார்ட்போன் கிடக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் மளிகைப் பட்டியல் அதில்தான் வருகிறது. மொத்த வியாபாரி அனுப்பும் விலை நிலவரமும், வங்கியில் பணம் வரவானதற்கான செய்தியும் அதில்தான் வருகின்றன. பல கடைகளில் கடன் கணக்கும் அதற்குள் போய்விட்டது. இருந்தும், தராசுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் அது நின்றுபோகும்போதுதான் அதன் நினைவே வருகிறது.

இந்தப் பாடத்தின் நோக்கம் இரண்டு. பழைய ஸ்மார்ட்போனில் அன்றாடம் வரும் கோளாறுகளின் காரணத்தை நாமே கண்டுபிடித்துச் சரிசெய்யக் கற்றுக்கொள்வது ஒன்று. எந்த வேலையை அதனிடம் விடலாம், எந்த வேலையை விடவே கூடாது என்று முடிவு செய்வது மற்றொன்று.

எந்தப் போனைப் பற்றிப் பேசுகிறோம்?

நம்மில் பலருடைய கடைகளுக்குள் ஸ்மார்ட்போன் நுழைந்தது 2014-க்கும் 2017-க்கும் இடையில். 2014 செப்டம்பரில் கூகிள் நிறுவனம் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ என்ற திட்டத்தை இந்தியாவில்தான் முதலில் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏறக்குறைய 6,400 ரூபாய் விலையில் போன்களை விற்றன. 4.5 அங்குலத் திரை, 1 ஜி.பி. ராம், 4 ஜி.பி. சேமிப்பிடம், 1,700 எம்.ஏ.எச். பேட்டரி, 3ஜி வரையிலான இணைப்பு ஆகியவை அவற்றில் இருந்தன. இரண்டு ஆண்டுகள் வரை மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்ற உறுதியும் கொடுக்கப்பட்டது.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, சில்லறைத் தட்டுப்பாட்டில் தவித்த நாம் கையில் கிடந்த இத்தகைய போன்களையே பணம் வாங்கும் கருவியாக மாற்றிக்கொண்டோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யு.பி.ஐ. முறை கடைகளுக்கு வரத் தொடங்கிய அதே 2016-ஆம் ஆண்டில்தான் அந்த இரண்டாண்டு உறுதியின் காலமும் முடிந்தது. பேசவும் படம் பார்க்கவும் செய்யப்பட்ட சிறு கருவியின் தலையில் கல்லாப்பெட்டியின் வேலையும் ஏறிவிட்டது. நாம் கீழே காணப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

முதல் விதி: ஒன்று ஒன்றாகப் பார்க்க வேண்டும்

இருப்புக் கணக்கில் ஒரு மூட்டை துவரம்பருப்பு குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? வரவுப் பக்கத்தைப் பார்க்கிறோம், பிறகு விற்பனைப் பக்கம், பிறகு கிடங்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரட்டினால் கணக்கு இன்னும் குழம்பும். போனும் அப்படியே. கோளாறு வந்ததும் ஐந்து பொத்தான்களை அழுத்தி, இரண்டு செயலிகளை நீக்கி, சிம்மையும் கழற்றி மாட்டினால், எதனால் கெட்டது, எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, போனை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குவது. நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் போனில் பல செயலிகள் ராம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். 1 ஜி.பி. மட்டுமே உள்ள போனில் இது மூச்சுத்திணறல் போன்றது. தினமும் கடை திறக்கும்போது ஒருமுறை அணைத்து இயக்கினாலே உறைந்து நிற்பது வெகுவாகக் குறையும். திரை அப்படியே உறைந்துவிட்டால் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம்.

1. பேட்டரியும் சார்ஜும்

இன்றைய பேட்டரிகள் லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தவை. “முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்” என்று பலர் இன்னும் சொல்வதுண்டு. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு ஏற்பட்ட பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது கெடுதல். இருபது விழுக்காட்டுக்குக் கீழே போகவிடாமல் அவ்வப்போது சார்ஜ் செய்வதே நல்லது.

பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். வெயில் விழும் மேசை முனை, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், கல்லாவின் மேலே எரியும் விளக்கின் அருகு ஆகிய இடங்களில் போனை வைக்கக் கூடாது. சார்ஜில் இருக்கும்போது பில் புத்தகத்தையோ துணியையோ அதன்மேல் போட்டுவைக்கவும் கூடாது.

முப்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். வயதான பேட்டரி பெரிய வேலை ஒன்று வந்ததும் தேவையான மின்னழுத்தத்தைத் தாங்க முடியாமல் தளர்ந்துவிடுகிறது. அதற்கு மாற்றுப் பேட்டரிதான் வழி. விலை குறைவு என்று பெயரில்லாத பேட்டரியை வாங்கிப் போடுவது, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு எடுப்பதற்குச் சமம்.

பேட்டரி உப்பினால் விளையாட்டில்லை. பின்மூடி மேலெழும்பி நிற்பது, மேசையில் வைத்தால் போன் ஆடுவது, திரை விளிம்பில் பிளவு விடுவது ஆகியவை அடையாளங்கள். அந்த நிமிடமே போனை அணைத்துவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. எண்ணெய், அட்டைப்பெட்டி, சாக்கு நிறைந்த நம் கடைகளில் ஒரு பேட்டரித் தீ என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குப்பையிலும் போடக் கூடாது. சேவை மையத்திலோ மின்கழிவு பெறுவோரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் சுவர்ப் பிளக், அடுத்து வயர், பிறகு அடாப்டர், கடைசியாகப் போனின் துளை. பெரும்பாலும் கெட்டிருப்பது வயர்தான். வேறொரு வயரை வாங்கிப் போட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. கடைத் தூசியும் ஈரக் கையும்

மளிகைக் கடைப் போனுக்கு வரும் நோய்கள் வீட்டுப் போனுக்கு வருவதில்லை. கோதுமை மாவு, மிளகாய்த் தூள், சாக்கு நார் ஆகிய மூன்றும் போனின் துளைகளுக்குள் போய் அடைகின்றன.

சார்ஜ் துளையில் அடைந்தால் வயர் முழுவதும் உள்ளே போகாது. ஆட்டினால் ஏறும், விட்டால் நிற்கும். போனை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குத்தும் குச்சியால் மெல்ல வெளியே தள்ள வேண்டும். ஊசி, குண்டூசி, பேப்பர் கிளிப் எதுவும் வேண்டாம். துளையின் நடுவே உள்ள மெல்லிய நாக்கு வளைந்தால் போனுக்கே செலவாகும்.

நாம் பேசுவது எதிரில் கேட்கவில்லை என்றால் கீழ்விளிம்பில் உள்ள மைக் துளை அடைபட்டிருக்கலாம். மென்மையான பல்துலக்கியால் வறட்டாகத் துடைத்தால் போதும். மணி அடிக்கவே இல்லை, திரையின் மேலே ஹெட்போன் படம் தெரிகிறது என்றால், ஹெட்போன் துளைக்குள் தூசி புகுந்து, ஹெட்போன் மாட்டியிருப்பதாகப் போன் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஹெட்போனை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தொடுதிரை நம் விரலில் உள்ள மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. எண்ணெய்க் கையும் வெல்லக் கையும் அதைக் குழப்பும். ஓரிடத்தில் தொட்டால் வேறிடம் திறக்கும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாக ஓடுகிறது என்றால் குற்றம் திரையில் இல்லை. தரமற்ற சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலே காரணம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் சார்ஜரை மாற்றினால் போதும்.

3. இடம் போதாமை

பழைய போனில் வரும் தொல்லைகளில் முதலிடம் இதற்கே. 4 ஜி.பி. என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய பாதியைப் போனின் அடிப்படை மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. மீதியில்தான் வாட்ஸ்அப், வங்கிச் செயலி, படங்கள் எல்லாம் குடியிருக்க வேண்டும்.

இதன் சங்கிலி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பத்து வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து காலை வணக்கப் படங்கள் வருகின்றன. போன் அவற்றைக் கேட்காமலே இறக்கி வைக்கிறது. இடம் நிறைகிறது. நிறைந்த பின் புதிய குறுஞ்செய்திகளைக்கூடப் போன் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்புகிறார். அவர் திரையில் பச்சை அடையாளம். நமக்கு வங்கிச் செய்தி வரவில்லை. அவர் பொய் சொல்கிறாரோ என்று நாம் நினைக்கிறோம். கடைக்காரர் சந்தேகப்படுகிறாரே என்று அவர் வருந்துகிறார். பல ஆண்டு வாடிக்கை ஒரு ரோஜாப்பூப் படத்தால் கசந்துபோகிறது.

தீர்வு எளிது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிட வேண்டும். தேவையானதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். அதே இடத்தில், எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்ற பட்டியலும் கிடைக்கும். வாரம் ஒருமுறை, கடை அடைத்த பின், அங்கே போய்ப் பெரியவற்றை நீக்கலாம். மெமரி கார்டு இருந்தால் படங்களை அதற்கு மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் உள்ளே இரண்டு பொத்தான்கள் உண்டு. ‘கிளியர் கேச்’ என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் அள்ளுகிறது, அதை அழுத்தலாம். ‘கிளியர் டேட்டா’ என்பது அந்தச் செயலி போனில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்கிறது. கடன் கணக்குச் செயலியில் தெரியாமல் அதை அழுத்தினால், வேறு இடத்தில் நகல் இல்லாத பட்சத்தில், தெரு முழுவதுக்கும் கொடுத்த கடன் ஒரு நொடியில் காணாமல் போகும். கடைப் பையன்களுக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லிவைக்க வேண்டும்.

4. தேதி தவறினால் எல்லாம் தவறும்

பேட்டரி முழுவதும் தீர்ந்தோ, கழற்றி மாட்டியோ எழுந்த போன் சில சமயம் 1970 என்றோ, தான் தயாரிக்கப்பட்ட ஆண்டு என்றோ தேதி காட்டும். நாம் மணியைக் கவனிக்கிறோம், ஆண்டைக் கவனிப்பதில்லை. அதன் பிறகு இணையப் பக்கம் திறக்காது. வங்கிச் செயலி இணைப்பு இல்லை என்று சொல்லும். இணைப்பு இருப்பது நமக்கே தெரியும். என்ன காரணம்?

நம் கடையின் உணவு உரிமத்தில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டல்லவா? அதுபோலவே ஒவ்வொரு இணையத்தளமும் வங்கிச் சேவையும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. போனின் தேதி 2014 என்றிருந்தால், இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று போன் கருதி, கதவைச் சாத்திவிடுகிறது. செட்டிங்ஸில் ‘தானியங்கி தேதி, நேரம்’ என்பதை இயக்கி வைத்தால் தொல்லை தீரும்.

தேதி சரியாக இருந்தும் சில பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது முதுமை. சான்றிதழ் வழங்குவோரில் யாரை நம்பலாம் என்ற பட்டியல் ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறது. புதுப்பிப்பு நின்ற போனில் அந்தப் பட்டியலும் பழையதாகவே நின்றுவிடும. உலகில் எண்ணற்ற இணையத்தளங்களுக்குச் சான்று வழங்கும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்காகச் செய்யப்பட்ட மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பருடன் முடிந்தது. இத்தகைய பக்கங்களில் வரும் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போவது தவறு. அதிலும் பணம் சம்பந்தப்பட்ட பக்கமாக இருந்தால் பெருந்தவறு.

5. சிக்னல் இருந்தும் இணையம் இல்லை

ஏரோபிளேன் மோடை இயக்கிப் பத்து நொடி கழித்து நிறுத்துவது முதல் மருந்து. அதற்கும் அசையாவிட்டால் அணைத்து, சிம்மை எடுத்துத் துடைத்துப் போடலாம். பிறகு அதே சிம்மை வேறு போனில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தால் குற்றம் போனில். அங்கேயும் செய்யாவிட்டால் குற்றம் சிம்மில் அல்லது நிறுவனத்தில்.

3ஜி வரை மட்டுமே உள்ள போனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கிய ஜியோ, தொடக்கம் முதலே 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜி மட்டுமே கொடுத்தது. ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-இல் நிறுத்தியது. ஆகவே 3ஜி போனில் ஜியோ சிம் எடுக்காது. ஏர்டெல் சிம்மில் பேச முடியும், இணையம் நடையாய் நடக்கும். எவ்வளவு பெரிய ரீசார்ஜ் போட்டாலும் இது மாறாது. அத்தகைய போனை வைஃபை மூலமாகவோ, இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் மூலமாகவோ மட்டும் இணையத்தில் சேர்ப்பது நல்லது.

6. செயலி கைவிட்ட போன்

“நேற்று வரை ஓடியது, இன்று திறக்கவில்லை” என்ற புகாரில் போனுக்குக் கோளாறே இல்லாமல் இருக்கலாம். செயலி செய்கிறவர்கள் பழைய மென்பொருள் பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகிறார்கள். வாட்ஸ்அப், நோக்கியாவின் பழைய சிம்பியன் எஸ்60 போன்களுக்கு 2017 ஜூன் 30-உடனும், விண்டோஸ் போன்களுக்கு 2019 டிசம்பர் 31-உடனும் சேவையை நிறுத்தியது. ஆண்ட்ராய்டு 4.4-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. பிளாக்பெர்ரி நிறுவனம் தன் பழைய போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4 அன்று மூடியது.

செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ என்ற இடத்தில் நம் போனின் ஆண்ட்ராய்டு எண்ணும், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதியும் இருக்கும். அந்த இரண்டையும் இன்றே பார்த்துக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். செயலி திறக்கவில்லை என்று, யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து ‘பழைய போனுக்கான வாட்ஸ்அப்’ என்று எதையும் இறக்கக் கூடாது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் அத்தகைய சரக்கு முத்திரையில்லாத படிக்கல்லைப் போன்றது.

7. பணம் வந்ததா, வரவில்லையா?

இதுவரை சொன்ன எல்லாக் கோளாறுகளும் ஒன்றுசேர்ந்து நம்மை அடிக்கும் இடம் இதுதான். எனவே சற்று நின்று பார்ப்போம்.

வாடிக்கையாளரின் திரை நமக்குச் சான்று ஆகாது. பணம் செலுத்தியது போன்ற படத்தைப் போலியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்புகிறார்கள். வங்கிச் செய்தி வங்கியின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வரும். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் நம்ப வேண்டாம். நம் செயலியில் வரவுப் பட்டியலைப் பார்ப்பதோ, தனியாக சிம் உள்ள ஒலிப்பெட்டியின் அறிவிப்போதான் சரியான சாட்சி. பழைய போன் ஒன்றை மட்டும் நம்பி யு.பி.ஐ. வாங்கும் கடைக்கு ஒலிப்பெட்டி ஆடம்பரம் இல்லை.

பணம் பெறுவதற்கு ‘பின்’ எண் தேவையே இல்லை. “பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்” என்று யார் சொன்னாலும் அவர் நம் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். கடை திறக்கும்போது, ஒட்டிவைத்துள்ள கியூஆர் அட்டையின் மேல் வேறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

அவருக்குப் பணம் கழிந்து, நமக்கு வரவில்லை என்றால் என்ன செய்வது? சண்டை வேண்டாம். அவர் திரையில் உள்ள 12 இலக்க மேற்கோள் எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இதற்குக் கெடு விதித்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் 5 நாள்களுக்குள்ளும் அனுப்பியவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு இழப்பீடும் உண்டு. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் வாடிக்கையாளரின் பதற்றம் பாதி தணியும். தெரிந்தவரானால் பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கைக் கொடுத்தனுப்பலாம். தெரியாதவரானால் ரொக்கம் கேட்பதில் தவறில்லை.

இனி முக்கியமான முடிவு. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன போனில் கடையின் வங்கிச் செயலியை வைத்திருப்பது, பூட்டு தேய்ந்த கல்லாப்பெட்டியில் இரவுப் பணத்தை விட்டுப் போவதற்குச் சமம். பணம் புதுப்பிப்பு வரும் போனில் இருக்கட்டும். பட்டியலும் பேச்சும் பாட்டும் பழைய போனில் இருக்கட்டும். யு.பி.ஐ. பதிவு சிம்முடன் பிணைந்தது என்பதால், வங்கியில் பதிவான சிம்மையும் புதுப் போனுக்கு மாற்றி, அங்கே மீண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைக் கடை நேரத்தில் செய்யாமல் விடுமுறை நாளில் செய்வது நல்லது.

8. கடன் கணக்கும் கூகிள் கணக்கும்

போன் கெட்டால் வேறு போன் வாங்கலாம். அதனுள் இருந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கடன் கணக்குச் செயலி வைத்திருப்போர், வாரம் ஒருமுறை மொத்த பாக்கியை நோட்டில் பெயர்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். வாடிக்கையாளர்களின் எண்களைப் போனிலோ சிம்மிலோ சேமிக்காமல் கூகிள் கணக்கில் சேமித்தால், புதுப் போனில் அதே கணக்கைப் போட்டவுடன் எல்லாம் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கூகிள் கணக்கு யாருடையது? பல கடைகளில் மகனோ மருமகனோ வேலைக்கு இருந்த பையனோ போன் வாங்கிய அன்று தொடங்கிக் கொடுத்தது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. திரைப்பூட்டை மறந்து, போனை வேறு வழியில் முழுவதும் அழித்துப் புதிதாக்கினாலும், முன்பிருந்த கூகிள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது கேட்கும். சொல்லாவிட்டால் திறக்காது. திருடனைத் தடுக்கச் செய்த பூட்டு உரிமையாளரையே வெளியே நிறுத்திவிடும். “எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கின்றனவா, எண்களுக்கும் படங்களுக்கும் நகல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதற்குச் சம்மதிக்க வேண்டும். கடவுச்சொல்லை எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள், கடையில் வேண்டாம்.

9. தொலைந்துபோனால்

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். போன் கையில் இருக்கும்போதே எழுதிவைத்தால்தான் தொலைந்தபின் உதவும். தொலைந்தவுடன் முதலில் சிம் நிறுவனத்தை அழைத்து சிம்மை நிறுத்துங்கள். இரண்டாவதாக வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை முடக்குங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். பகுதியில் அந்த எண்ணைப் பதிந்தால் போனையே முடக்க முடியும். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டியவை

தராசைச் சோதிக்கும் அதே நாளில் போனையும் சோதித்துவிடலாம். கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையின் உள்ளே ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. பின்மூடி உப்பியிருக்கிறதா? மேசையில் ஆடுகிறதா?
2. சார்ஜ் துளையும் மைக் துளையும் சுத்தமா?
3. காலி இடம் அரை ஜி.பி.க்குக் குறையாமல் இருக்கிறதா?
4. தேதி, ஆண்டு இரண்டும் சரியா?
5. வங்கிச் செய்தி வருகிறதா? ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கவும்.
6. கடன் பாக்கிப் பட்டியல் நோட்டில் ஏறியதா?
7. கூகிள் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா?
8. பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக வந்தது எப்போது?

எட்டாவது கேள்விக்கு விடை ஓர் ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால் அந்தப் போனிலிருந்து பணத்தை எடுத்துவிடுங்கள். போனை எறிய வேண்டியதில்லை. அழைப்பு வாங்கவும், கணக்குப் போடவும், கிடங்கில் விளக்கடிக்கவும், விலைப்பட்டியலைப் படம் எடுத்து வைக்கவும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். விற்கவோ கொடுக்கவோ நேர்ந்தால், யு.பி.ஐ. பதிவையும் கூகிள் கணக்கையும் நீக்கி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, முழுவதும் அழித்த பிறகே கைமாற்ற வேண்டும்.

புதிதாக ஒரு போன் வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது அல்ல. “பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும்?” என்பதே. சரக்கு எடுக்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து எடுக்கப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.